காவடிக்கு முந்தின நாள் கழன்ற மரை

2023 தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சனிக்கிழமை பிற்பகல், தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில், பழைய டொயோட்டா டாஸ் காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்ற உட்கார்ந்தேன். மூன்று ஒழுங்காக ஏறின. நான்காவது இரண்டு சுற்றிலேயே இறுகியது. அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டும். நீளமான ஸ்பானரைப் போட்டு அழுத்தினேன். கனமாகச் சுற்றியது, பிறகு சட்டென்று லேசாகிவிட்டது. வயிற்றைக் கலக்கியது. வெளியே எடுத்தால், பிளக்கின் மரையில், அது ஏறும் ஹெட்டின் (எஞ்சினின் மேல்பகுதி) அலுமினியம் வெள்ளிச் சுருளாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

விடிந்தால் மாமியாரையும் பால்குடத்தையும் அம்கெனி சாலைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, “ஹெட்டைக் கழற்ற வேண்டாம் தம்பி, கம்பிச்சுருள் போட்டுவிடலாம்” என்றார். பெரிதாக்கிய துளைக்குள் புது மரையாக நிற்கும் கம்பி அது. 14 மில்லிமீட்டர், 1.25 பிட்ச் (மரை இடைவெளி), கடை மூடுமுன் ஓடிப்போய் வாங்கினேன். மரை வெட்டும் கருவியான டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. எடுத்துத் துடைத்து மறுபடியும் கிரீஸ். துருவலை அது பிடித்துக்கொள்ளுமாம். தப்பி உள்ளே விழுந்ததை எடுக்க நான் காந்தத்தோடு வந்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது. சரி, கம்ப்ரசரால் ஊதலாமென்றால் மின்வெட்டு! படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தேநீர் குடித்தோம்.

மின்சாரம் வந்ததும் ஊதிச் சுத்தம் செய்து சுருளை ஏற்றினோம். அதன் நுனியில் குறுக்கே ஒரு வால் உண்டு. கடைசியில் அதை முறித்து எடுக்க வேண்டும். சிலிண்டருக்குள் விழுந்தால் தொலைந்தோம். மெல்லிய குறடால் அவர் அதைக் கவ்வி வெளியே எடுக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, விரலால் மட்டும் திருகச் சொன்னார். கோணலாகப் போனால் குழாய் வழுக்கும், மரை பிழைக்கும். கையால் இறுகிய பின், புது வாஷருக்காக ஸ்பானரில் அரைச் சுற்று. அவ்வளவுதான்.

மறுநாள் வண்டி முனகாமல் போனது. பால்குடத்தின் மஞ்சள் துணியில் கிரீஸ் எப்படி வந்தது என்று மாமியார் இன்றும் கேட்கிறார்.

ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒரு பதில்:

உங்களுக்காவது உதவ ஓர் அண்ணன் இருந்தார். நான் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை மாற்றுகிறேன் என்று நான்கு வயரையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டேன். தோன்றியபடி மாட்டிச் சாவியைத் திருகினால், கார்புரேட்டர் வழியாக ‘டப்’! தெரு நாய்கள் எல்லாம் குரைத்தன. சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 என்ற வரிசையும் மூடிக்குள் ரோட்டர் சுற்றும் திசையும் தெரிந்து சரிசெய்வதற்குள் இருட்டிவிட்டது. இப்போது ஒவ்வொரு வயரிலும் என் மனைவியின் பின்னல் நூல் ஒரு நிறத்தில் கட்டியிருக்கிறது. மூன்றாவது வயருக்கு ஊதா.