ரோஸியின் கணவர் டான் அப்பாவாக லாயக்கானவரா?

அம்பை வாசகன்:
கிரேம் சிம்சியனின் 'தி ரோஸி எஃபெக்ட்' (2014) நாவலைப் படித்து முடித்தேன். முதல் பாகத்தில் கல்யாணத்துக்குப் பெண் தேட 16 பக்கக் கேள்வித்தாள் தயாரித்தாரே ஆட்டிசத்தின் சாயல் உள்ள மரபியல் பேராசிரியர் டான், அவர்தான் இதில் நியூயார்க்கில் அப்பாவாகப் போகிறார். பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள விளையாட்டு மைதானத்தில் போய் உட்கார்ந்து கவனிக்க, போலீஸ் பிடித்துவிடுகிறது. சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் மாசமாக இருக்கிற ரோஸிக்கு வேண்டியது ஆராய்ச்சியா, பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்கிற ஆளா? இப்படிப்பட்டவருக்குக் குடும்பம் ஒத்துவராது.

பாளை வாசகி:
அண்ணாச்சி, அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்கவே முடியாது. குளியலறைச் சுவரில் வாரத்துக்கு ஓர் ஓடு என்று ஒதுக்கி, வயிற்றுப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வரைகிறாரே, அது பாசம் இல்லையா? நம்ம பக்கம் ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அப்புறம் பிள்ளை பிறந்த செய்தி வரும்போதுதான் பல ஆண்களுக்கு ஞாபகமே வரும். அவர்களை யாரும் லாயக்கில்லாதவர்கள் என்று சொல்வதில்லை.

டவுன் அம்மா:
என் மகனுக்கு ஆட்டிசம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்குக் கூட்டிப் போனால், மேளமும் கூட்டமும் சேர்ந்து ரதவீதி முனையிலேயே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான், பார்க்கிறவர்கள் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். அதனால் இந்தக் கதையில் எனக்கு நெருக்கமானது மூன்றாவது பாகம்தான், 'தி ரோஸி ரிசல்ட்' (2019). மகன் ஹட்சனுக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பள்ளிக்கூடம் நெருக்குகிறது, வீட்டில் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நம்ம ஊரில் தயங்கி உட்கார முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, சான்றிதழ் கையில் இருந்தால்தான் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவே வழி. ஆட்டிசம் என்று பெயர் வைத்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்கிற சொந்தக்காரர்கள் யாரும் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.

அம்பை வாசகன்:
அக்கா, உங்கள் மகனைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்பது ரோஸிக்காக. போலீஸ் பிடித்ததை டான் அவளிடம் மறைக்கிறார், மன அழுத்தம் பிள்ளையைப் பாதிக்கும் என்று காரணம் வேறு. பொய் பொய்தானே? இவர் நல்ல அப்பாவாக இருப்பாரா என்று ரோஸிக்கே சந்தேகம் வந்து பிரியப் பார்க்கிறாள், அவள் பயத்தை யாருமே பேசமாட்டேன் என்கிறீர்களே.

பாளை வாசகி:
பேசலாம் அண்ணாச்சி, ரோஸி பயப்பட்டதில் நியாயம் இருக்கிறது, மறைத்தது தப்பு. ஆனால் அந்தத் தப்பை அவர் மூளையின் கணக்கில் எழுதாதீர்கள். வட்டிக்கு வாங்கின கடனை மாசமாக இருக்கிற பெண்டாட்டியிடம் மறைக்கிற ஆட்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்குக் குடும்பம் ஒத்துவராது என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னதுண்டா?