ஷட்டிலில் சர்வீஸ் நெட்டில் விழுவது கைபலம் போதாமலா, பயத்தாலா?

பி.டி. வாத்தியார்:
அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் நான். உள்ளரங்கம் கிடையாது. காற்று ஓய்ந்திருக்கும் காலை ஆறரைக்குத்தான் ஆட்டம், அதுவும் நைலான் காக்கில் (ஷட்டில் பந்து). ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பயிற்சியில் ஷார்ட் சர்வீஸ், அதாவது நெட்டை ஒட்டித் தாழ்வாகப் போடும் சர்வீஸ், 10 போட்டால் 8 நெட்டை உரசாத குறையாகப் போய் விழும். குறுவட்டப் போட்டியில் முதல் 6 சர்வீஸில் 4 நெட்டிலேயே விழுந்தது. அதே வகுப்பில் கபடி ஆடும் பையன் ஒருவன், மணிக்கட்டு உலக்கை மாதிரி. அவன் போட்டால் காக் வானத்துக்குப் போகிறது. டம்பெல்ஸ் கொடுத்துக் கையை உரமாக்கட்டுமா, இல்லை மனசுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

பழைய டபுள்ஸ்காரன்:
டம்பெல்ஸை ஓரமாக வையுங்கள் சார். காக்கின் எடையே 5 கிராம் சொச்சம். நெட் நடுவில் 1.524 மீட்டர் உயரம், ஷார்ட் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 1.98 மீட்டர். இதற்கு எதற்குப் பலம்? சிங்கிள்ஸில் பின்கோடு வரை தூக்கிப் போடத்தான் பலம் வேண்டும். ஷார்ட்டுக்கு விரல் பக்குவம் போதும். அந்தப் பெண் பேக்ஹேண்டில், அதாவது புறங்கைப் பக்கமாகப் போடுகிறாளா? மேட்சில் அவள் கட்டைவிரலைக் கவனியுங்கள்.

ஷட்டில் அம்மா:
என் மகளுக்கும் இதே கதைதான். சர்வீஸ் நெட்டில் பட்டதும் பெஞ்சிலிருந்து கோச் "ச்சே" என்பார். அப்புறம் அவள் காக்கைப் பார்த்துப் போடவே இல்லை, பெஞ்சைப் பார்த்துத்தான். நீங்களும் கத்துவீர்களா சார்? தப்பாக நினைக்காதீர்கள்.

கோர்ட் ஓரம்:
பையனுக்கு ஒரு யோசனை. நெட்டுக்கு மேலே 20 அங்குலத்தில் கயிறு கட்டுங்கள். ஃபிரெஞ்ச் ஷார்ட் சர்வீஸ் டெஸ்ட், நீங்கள் படித்திருப்பீர்கள். கயிற்றுக்கும் நெட்டுக்கும் நடுவே 20 சர்வீஸ், விழும் இடத்தைப் பொறுத்து 5 முதல் 1 வரை மதிப்பெண். அவனை யாரோடும் ஒப்பிடாதீர்கள், நேற்றைய அவனோடு மட்டும் மோத விடுங்கள்.

பி.டி. வாத்தியார்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். அந்தப் பெண் பக்கத்துப் பள்ளியோடு ஆடியபோது கிட்டே போய்ப் பார்த்தேன். ராக்கெட் பிடித்த கட்டைவிரல் நகம் வெளுத்துப் போயிருந்தது, அவ்வளவு இறுக்கம்! ஒரு மூச்சு விட்டு, விரலைத் தளர்த்திவிட்டுப் போடச் சொன்னேன். அதன்பின் 9 சர்வீஸில் 2 தான் நெட். துணிக்கொடிக் கயிறும் கட்டியாயிற்று. பையன் நேற்று 41, இன்று 47 என்று சுவரில் கரியால் எழுதி வைக்கிறான்.

அம்மா கேட்டதற்குப் பதில்: கத்துவேன்தான். இப்போது சர்வீஸ் நேரத்தில் விசிலை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.