வீட்ல தமிழ் பேசுற ஒரே ஆள் நான், ரெண்டு வாண்டுங்க, யாராச்சும் வழி சொல்லுங்க

மழைக்காரி (குரேபிப், மொரிஷியஸ்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குதான் எழுதுறேன். சின்னவன் தூங்குறான், எப்ப எந்திரிப்பான்னு தெரியாது, அதனால மனசுல வர்றத அப்படியே அடிக்கிறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நான் கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி இங்க வந்து ஆறு வருஷம். வீட்டுக்காரர் இங்கயே பொறந்து வளர்ந்தவரு. பேரு, கோயில், காவடி, வாழை இலைல ஏழு கறி எல்லாம் பக்கா தமிழ்க் குடும்பம், ஆனா வாயைத் தொறந்தா கிரியோல்தான், பிரெஞ்சுல இருந்து வந்த இந்த ஊரு பேச்சு. அத்தை தங்கமானவங்க, அவங்களுக்கும் தமிழ்ல வணக்கம் தவிர கோயில் பாட்டு மட்டும்தான் வரும், அதுவும் ஆங்கில எழுத்துல எழுதி வச்ச நோட்டைப் பார்த்து. பெரியவளுக்கு நாலரை வயசு, சின்னவனுக்கு ஒண்ணே முக்கால்.

குரேபிப் பத்தி தெரிஞ்சவங்களுக்கு தெரியும், இது மேட்டு ஊரு, கீழ போர்ட் லூயிஸ்ல வெயில் கொளுத்துறப்ப இங்க மழை. இப்ப ஜூலை, காலைல ஆறரைக்கும் இருட்டு, குளிரு, கொடியில போட்ட துணி மூணாவது நாளும் ஈரம். ராத்திரி அரைச்சு வச்ச இட்லி மாவு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அசையாம கெடக்கும். அதனால பாத்திரத்தை பழைய போர்வையில சுத்தி ஓவனுக்குள்ள வச்சு உள் லைட்டை மட்டும் போட்டு விடுவேன். நேத்து பெரியவ ஓவன் கண்ணாடில மூக்கை அழுத்திக்கிட்டு நின்னு "மாமா, லாபாத் பே தோர்மி?"ன்னு கேக்குறா. மாமான்னா அம்மா, மாவு தூங்குதான்னு கேக்குறா. சிரிப்பா வந்துச்சு, ஆனா அதையும் கிரியோல்லதான் கேட்டா.

விஷயத்துக்கு வர்றேன். நான் "இங்க வா"ன்னு பத்து தடவை கூப்பிட்டாலும் சின்னவன் திரும்ப மாட்டான். அவன் அக்கா "வினி"ன்னு ஒரே ஒரு தடவை சொன்னா வாத்து மாதிரி ஆடி ஆடி ஓடுறான். தண்ணி அவனுக்கு டிலோ. தூக்கம் தோதோ. எல்லாம் சேர்த்து ஒரு பன்னெண்டு வார்த்தை சொல்வான், அதுல என்னுது "அம்மா" மட்டும்தான், அதுலயும் பாதி நேரம் மாமா. தடுப்பூசி போடப் போன இடத்துல ஒரு டாக்டரம்மா, ரெண்டு மூணு மொழி போட்டு குழப்பாதீங்க, அதான் பேச்சு வரல, ஒண்ணை விடுங்கன்னாங்க. எதை விடணும்னு அவங்க சொல்லல, என் மூஞ்சியைப் பார்த்துதான் சொன்னாங்க.

நேத்து சாயங்காலம் குளிக்க வச்சப்போ நடந்தது. ரெண்டு பேரையும் ஒரே டப்புல உக்கார வச்சாதான் சுடுதண்ணி பத்தும். ஒரு சிவப்பு மக் இருக்கு, பக்கத்துலயே நீல மக்கும் இருக்கு, ஆனா ரெண்டு பேருக்கும் சிவப்புதான் வேணும். இவ புடுங்க, அவன் அவ கையைக் கடிச்சிட்டான், பல்லு நாலும் பதிஞ்சு போச்சு. நான் "விடு! குடு! அவன் சின்னவன் இல்லையா, நீதான பெரியவ, விட்டுக்குடு!"ன்னு கத்துறேன். இவ அழுகையை முழுங்கிக்கிட்டு மக்கை அவன்கிட்ட நீட்டி "அலே, ப்ரான்"ன்னா. இந்தா எடுத்துக்கோன்னு அர்த்தம். அவன் அதை வாங்கி ஒரு தடவை தண்ணி மொண்டு அவ முழங்கால்ல ஊத்திட்டு அவகிட்டயே திருப்பிக் குடுத்துட்டான். நான் கையில சோப்போட நிக்கிறேன். என்னை அங்க யாரும் தேடவே இல்ல.

கேக்க வந்தது இதுதான். ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு சாயங்காலம் நாலுல இருந்து எட்டு வரைக்கும் எப்படி ஓட்டுறீங்க, அதுலயும் வீட்ல தமிழ் ஒரே ஆளா இருந்தா எப்படி? டாக்டரம்மா சொன்னது நெஜமா? எந்திரிச்சிட்டான், வர்றேன்.

—

டர்பன் சுண்டல்

பேச்சுப் பயிற்சி வேலையில இருக்கேன் மா, அதனால அந்த டாக்டரம்மா விஷயத்தை முதல்ல முடிச்சிடுறேன். ரெண்டு மொழி கேக்குறதால பேச்சு லேட் ஆகாது. பழைய நினைப்பு அது, இன்னும் பல இடத்துல சொல்லிட்டுதான் இருக்காங்க. வார்த்தை எண்ணும்போது எல்லா மொழியும் சேர்த்து எண்ணணும், அவன் டிலோவும் சொல்லி நாளைக்கு தண்ணியும் சொன்னா அது ரெண்டு வார்த்தை. ரெண்டு வயசு முடியிறப்போ எல்லாம் சேர்த்து ஒரு 50 வார்த்தையும், "அம்மா வா" மாதிரி ரெண்டு சொல்லு சேர்த்து பேசுறதும் வருதான்னு பாருங்க. வரலன்னா, ஏன் இப்பவே கூட, காது டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க. குளிரு மழைன்னு சொல்றீங்க, அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்கு காதுக்குள்ள நீர் கோத்துக்கும், சத்தம் மந்தமா கேக்கும், வெளிய பார்த்தா தெரியாது. மத்தபடி தமிழை விடாதீங்க.

அப்புறம் ரெண்டு பிள்ளை விஷயம். எனக்கு மூணு வயசுல ஒண்ணு, ஒரு வயசுல ஒண்ணு. வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள வந்ததும் சின்னதுதான் முதல்ல காலைக் கட்டிக்கும், தூக்கிடுவோம், பெரியவன் தூரமா நின்னு பார்ப்பான். இப்ப நான் செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே பெரியவன்கிட்ட போய் உக்காந்துடுவேன், அஞ்சே நிமிஷம். சின்னது அழும், அழட்டும். அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் சண்டை பாதிதான். இன்னொண்ணு, நீதான பெரியவங்குற வார்த்தையை கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க. நாலரை வயசு ஒண்ணும் பெரிய வயசு இல்ல.

—

அப்பத்தா பேத்தி (யாங்கோன்)

அக்கா எங்க வீட்லயும் இதே கதைதான், மொழி மட்டும் பர்மிய மொழி. எனக்கும் ஒரு பொண்ணு ஒரு பையன், ஸ்கூலு, டீவி, பக்கத்து வீடு எல்லாம் பர்மியம், நான் தமிழ்ல கேட்டா பர்மியத்துல பதில் வரும். நாங்க நாலாவது தலைமுறை, அப்படி இருந்தும் எனக்கு தமிழ் நிக்குதுன்னா அது அப்பத்தாவால, அவங்க ஒண்ணும் பாடம் நடத்தல, கன்னத்துல தனக்கா மரப்பட்டையை அரைச்சு பூசிவிடுறப்ப ஊர்க்கதை சொல்வாங்க அவ்வளவுதான். அசையவும் முடியாது, அசைஞ்சா கோடு கோணிப் போகும், அதனால கதை முழுசா காதுல விழும்.

இப்ப எங்களுக்கு தமிழ் டீச்சர் யாருன்னா கரண்ட்டு கட்டு. சிரிக்காதீங்க. கரண்ட்டு போச்சுன்னா டீவி இல்ல போன்ல சார்ஜ் இல்ல, ரெண்டும் என் மடில வந்து விழும், நான் மெழுகுவத்தி வச்சுக்கிட்டு நரிக்கதை ஆரம்பிப்பேன், நரி கெணத்துல எட்டிப் பாக்குற நேரமா பார்த்து லைட்டு வந்துரும், தெருவே "மீ லா பியீ"ன்னு கத்தும், இதுங்களும் கத்திக்கிட்டு ஓடிரும். நரி ரெண்டு மாசமா கெணத்து மேட்டுலயேதான் நிக்குது. ஆனா போன வாரம் சின்னவனே வந்து "அம்மா, நரி?"ன்னான், அன்னிக்கு லைட்டு இருந்துச்சு.

—

ரோஸ்ஹில் வாத்தியார்

வணக்கம் சகோதரி. நான் இங்கேயே பிறந்தவன், மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் தமிழ் படித்துவிட்டு ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பேச்சுத் தமிழ் எனக்கு அவ்வளவாக வராது, புத்தகத் தமிழில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் தமிழில் சொன்னதாக அதில் எழுதியிருப்பதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன்: இங்க வா. விடு. குடு. விட்டுக்குடு. கிரியோலில் வந்தவை வேறு மாதிரி: மாவு தூங்குதா, இந்தா எடுத்துக்கோ. மகள் அப்படி ஒரு அழகான கேள்வி கேட்டாளே, அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே?

இது என் வகுப்பில் நான் கண்ட குறைதான். மூன்று வருடம் தமிழ் படித்த பிள்ளைக்கு உட்கார், எழுந்திரு, புத்தகத்தைத் திற எல்லாம் தெரியும். வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வலித்தால் கிரியோலில் அழுகிறது.

எங்கள் சமூகம் தமிழுக்காகப் போராடாதது அல்ல. 1998-ல் ரூபாய் நோட்டில் தமிழின் இடத்தை மாற்றி அச்சடித்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது நூறு ரூபாய் நோட்டை மகளிடம் காட்டுங்கள், அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், நம்மவர், தமிழ் எழுத்தும் இருக்கிறது. பெருமையாகச் சொல்கிறேன், ஆனால் என் இரண்டு பிள்ளைகளும் என்னிடம் கிரியோலில்தான் பேசுகிறார்கள். நானும் வீட்டில் வாத்தியாராகவே இருந்துவிட்டேன்.

மகள் ஜனவரியில் முதல் வகுப்புக்குப் போவாள் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு மொழியை விருப்பப் பாடமாக எடுக்கலாம், 2012 முதல் கிரியோலும் அந்த வரிசையில் உண்டு. தமிழ் எடுங்கள். ஆனால் பள்ளிக்கூடம் தரக்கூடியது கொஞ்சம்தான். அக்காவும் தம்பியும் தங்களுக்குள் கிரியோலில் பேசுவதைத் தடுக்காதீர்கள், அது அவர்களுடைய வீடு.

—

மழைக்காரி

வாத்தியாரய்யா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் போனைக் கவுத்து வச்சிட்டேன். கோவம்தான் முதல்ல. நாள் முழுக்க இதுங்க பின்னாடி ஓடுறவளுக்குதான தெரியும்னு. அப்புறம் யோசிச்சா, அவ "மாவு தூங்குதா"ன்னு கேட்டப்ப நான் சொன்ன பதில், "தள்ளு, கதவைத் தொடாத." அவ்வளவுதான். இன்னொண்ணும் ஒத்துக்கணும், கொஞ்சுறப்ப என் வாயிலயும் கிரியோல்தான் வருது, அத்தை கொஞ்சுறதைக் கேட்டுக் கேட்டு பழகிடுச்சு. திட்டுறதுக்கு மட்டும் கும்பகோணம்.

டர்பன் சுண்டல், காது டெஸ்ட்டுக்கு நாள் வாங்கிட்டேன், நன்றி மா. அவனுக்கு மாசத்துல ரெண்டு தடவை மூக்கு ஒழுகும், இது யோசிக்கவே இல்ல.

—

ஹைவெல்டு ஆச்சி (ஜோகன்னஸ்பர்க்)

மொழிக்கு வழி மத்தவங்க சொல்லிட்டாங்க, நான் மாவுக்கு சொல்றேன். இங்கயும் ஜூலைல குளிரு பல்லைக் கிட்டும். உளுந்தோட வெந்தயம் ஒரு ஸ்பூன் சேர்த்து ஊற வை, உப்பு போட்டு கையால கரை, கரண்டியால வேண்டாம். ஓவன் லைட்டு சரிதான், போர்வை தேவையில்ல, அந்த சூடு பாத்திரத்துக்குப் போகாம போர்வைதான் தடுக்குது. நான் பேரனை விட்டே கரைக்கச் சொல்வேன், கை சின்னதா இருந்தாலும் சூடா இருக்கும், முழங்கை வரைக்கும் அப்பிக்குவான், குளிக்க வைக்கிறது மருமக பாடு.

—

மழைக்காரி

மூணு வாரம் ஆச்சு, நடந்ததை சொல்லிட்டுப் போறேன். காதுல கொஞ்சம் நீர் இருக்காம், ஒரு மாசம் கழிச்சு திரும்ப பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

ஆச்சி சொன்னபடி மாவு கரைக்கிற வேலையைப் பெரியவகிட்ட குடுத்துட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு. சின்னவனுக்கு ஒரு காலி கிண்ணமும் கரண்டியும், அவனும் கரைக்கிறான், வெறும் காத்தை. அந்த அரை மணி நேரம் சண்டை இல்ல. ஒருநாள் பெரியவ பாத்திரத்தை உள்ள வச்சிட்டு மறுபடி அதே கேள்வி கேட்டா, லாபாத் பே தோர்மி? நான் ஆமாண்டி, மாவு தூங்குது, பாவம் குளிருது அதுக்கு, தாலாட்டு பாடலாமான்னேன். மூணு பேரும் ஓவன் முன்னாடி தரையில உக்காந்து ஆராரோ பாடினோம். அத்தை வந்து எட்டிப் பார்த்துட்டு இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சிருப்பாங்க, மறுநாள் அவங்களே அந்த நோட்டை எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்து மாவுக்கு கோயில் பாட்டு பாடினாங்க. இப்ப தினமும் இது இல்லாம விட மாட்டேங்குதுங்க, மாவு இல்லாத நாளு வெறும் பாத்திரத்தை வச்சு தூங்க வைக்க வேண்டியிருக்கு.

"அம்மா"வுக்கு அப்புறம் சின்னவனோட முதல் தமிழ் வார்த்தையும் வந்துடுச்சு. அவன் கிண்ணத்தை நான் எடுத்து வைக்கப் போனேன், விரலை நீட்டி "தொதாத"ன்னான். தொடாதவாம். வாத்தியாரய்யா சிரிச்சுக்கோங்க. ரெண்டாவது வார்த்தை நேத்து ராத்திரி. அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு அடுப்படி வழியா போறேன், அவன் ஓவன் லைட்டைப் பார்த்துட்டு வாய் மேல விரலை வச்சு "மாவு"ன்னான், அப்புறம் "தோதோ".

இட்லி இன்னிக்கு நல்லா வந்துச்சு ஆச்சி.