எஸ்பி0140 கிடைத்துவிட்டால் பேட்ஜர் குற்றவாளியா?

மேய்ச்சல்நிலம்:
இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் 1971ஆம் ஆண்டு காசநோயுடன் இறந்துகிடந்த பேட்ஜர் (வளை தோண்டி வாழும் காட்டு விலங்கு) கண்டெடுக்கப்பட்டது முதல், மாடுகளுக்குக் காசநோயைக் கொடுப்பது பேட்ஜர்தானா என்று இழுபடும் வழக்கை மரபணு வகைப்படுத்தல் முடித்துவைத்துவிட்டது. பண்ணை மாட்டிலும் அதன் வேலியோரப் பேட்ஜரிலும் எஸ்பி0140 என்ற ஒரே கிருமி வகைதான் கிடைக்கிறது. 2013இல் இங்கிலாந்தில் பேட்ஜர்களைச் சுடத் தொடங்கியது சரியே.

நுண்ணோக்கி:
தீர்ப்பெழுதும் முன் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்திருக்கலாம். மாட்டுக் காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 43 இலட்சம் எழுத்துகள் இருக்க, இந்த எண்ணைத் தரும் ஸ்பாலிகோடைப்பிங் முறை ஒரே ஓர் இடத்தில் 43 இடைத்துண்டுகள் (திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ வரிசைக்கு நடுவே இருக்கும் துண்டுகள்) உள்ளனவா என்று மட்டுமே பார்க்கிறது. போவிஸில் வழக்கமாகவே இல்லாத 3, 9, 16, 39 முதல் 43 வரையிலான துண்டுகளோடு 6, 8, 10, 11, 12 ஆகியவையும் இல்லையென்றால் அது எஸ்பி0140. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மிகப் பரவலான வகை இது. அர்ஜென்டினா மாடுகளிலும் இதுவே மிகுதி. அங்கே ஐரோப்பியப் பேட்ஜர் கிடையாது. இனிஷியல் ஒன்றாக இருந்தால் எல்லாரும் பங்காளிகளா?

மேய்ச்சல்நிலம்:
பிரிட்டிஷ் மாடுகள் கப்பலேறி அர்ஜென்டினா போன கதை பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். நான் பேசுவது ஒரே வேலியின் இரு பக்கங்களைப் பற்றி. குளொஸ்டர்ஷயரின் வுட்செஸ்டர் பார்க்கில் கிருமியின் முழு மரபணுத்தொகுதியையே படித்து 2019இல் வெளியான ஆய்வு, மாட்டிலிருந்து பேட்ஜருக்குப் போனதைவிடப் பேட்ஜரிலிருந்து மாட்டுக்கு வந்ததே அதிகம் என்கிறது. எஸ்பி0140 சொன்னதும் அதுவே.

நுண்ணோக்கி:
எஸ்பி0140 அதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே அந்த ஆய்வாளர்கள் திசையைப் பற்றி வாய் திறந்தார்கள். இனம் தாண்டிய பரவலைவிட மாட்டுக்கு மாடும் பேட்ஜருக்குப் பேட்ஜரும் பரப்பிக்கொள்வதே அதிகம் என்று அதே கட்டுரையில் இருப்பதைத் தாங்கள் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். தோல்கழலை நோய் விவாதத்திலும் பாதிக் கட்டுரையோடுதான் வந்தீர்கள். இக்கிருமியில் ஓர் எழுத்து மாறவே சில ஆண்டுகள் ஆகும் என்பதால், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது முழுத் தொகுதியைப் படித்தும் பல நேரங்களில் பிடிபடுவதில்லை. இதில் 43 கட்டங்களைப் பார்த்து ஆணையிடுகிறீர்கள்.

வேலூரான்:
இருவரும் போவிஸையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரையில் பேசப்பட்டது ஓரிஜிஸ் என்ற வேறொரு காசநோய்க் கிருமி. நம் மாடுகளுக்கு இந்த எஸ்பி0140 சண்டையால் என்ன பயன்?

மேய்ச்சல்நிலம்:
இங்கிலாந்தைப் பற்றிப் பேசும் இடத்தில் வேலூரை யார் கேட்டது?

நுண்ணோக்கி:
கேள்வி நல்லது, இடம்தான் தவறு. வேலூரான் தனி இழை தொடங்கட்டும். வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியா கதையையும் கேளுங்கள். வட அயர்லாந்து மாடுகளில் காணப்படும் ஒரு போவிஸ் வகை கம்ப்ரியாவில் மாட்டிலும் பேட்ஜரிலும் தென்பட்டது. வட அயர்லாந்துப் பேட்ஜர் படகேறி வந்தது என்று எவரும் எழுதவில்லை. சந்தேகம் முதலில் விழுந்தது மாட்டுப் போக்குவரத்தின் மேல்தான்.

மேய்ச்சல்நிலம்:
கம்ப்ரியாவில் பேட்ஜரிடம் கிடைத்ததா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் கூறுங்கள்.

வேலூரான்:
தனி இழை தொடங்கச் சொல்ல நீங்கள் என்ன இந்தத் தளத்தின் நிர்வாகியா?

நுண்ணோக்கி:
கிடைத்தது. மாட்டிடமும் கிடைத்தது. இந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

மேய்ச்சல்நிலம்:
"கிடைத்தது." நன்றி, ஐயா.