புதுப்பிப்பு: ப்ரொப்பெல்லர் லீவரை இழுத்தும் ஆர்பிஎம் குறையாத சிக்கல் தீர்ந்தது

உதவியவர்களுக்கு நன்றி. சிக்கல் இதுதான்: ஒற்றை எஞ்சின் விமானம், ப்ரொப்பெல்லர் லீவரைப் பின்னால் இழுத்தால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சோம்பலாகத்தான் இறங்கியது, டேக்ஆஃபில் சிவப்புக் கோட்டைத் தாண்டப் பார்த்தது.

"கவர்னருக்கு எண்ணெய் போய்ச் சேருகிறதா பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது (கவர்னர் என்பது எண்ணெய் அழுத்தத்தால் ப்ரொப்பெல்லர் பிளேடின் கோணத்தை மாற்றி ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் கருவி). மெக்கானிக் கவர்னரைக் கழற்றியபோது, அடியிலுள்ள கேஸ்கெட்டின் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) சல்லடையில் கருப்புப் பிசுக்கு அப்பியிருந்தது. இந்த வகை ப்ரொப்பெல்லரில் எண்ணெய் அழுத்தம்தான் பிளேடு கோணத்தைக் கூட்டும்; கோணம் கூடினால்தான் ஆர்பிஎம் குறையும். அழுத்தம் விழுந்தால் ஸ்பிரிங்கும் சுழற்சி விசையும் கோணத்தைக் குறைத்துவிடும். கவர்னரிலுள்ள பம்புக்கே எண்ணெய் பத்தாவிட்டால் பிளேடு எப்படித் திரும்பும்? புது கேஸ்கெட், புது எண்ணெய், சரியாகிவிட்டது.

எதிர்பாராதது: அழுத்த மீட்டர் கடைசிவரை ஒழுங்காகவே காட்டியது. அது எஞ்சின் எண்ணெயின் அழுத்தம். கவர்னர் அதைப் பல மடங்கு ஏற்றுவது அதில் தெரியாது.

அப்புறம், ஃபெதர் ஆகும் (எஞ்சின் நின்றால் காற்றுத் தடை குறைய பிளேடின் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பும்) இரட்டை எஞ்சின் விமானங்களில் பெரும்பாலும் நேர் எதிர்: அங்கே எண்ணெய் கோணத்தைக் குறைக்கும்.