போகலாமா என்று யோசிக்கும் பைக் நிகழ்ச்சிகளை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்?

காவேரிப்பட்டினம் யெஸ்டி:
வணக்கம். வாட்ஸ்அப் குழுக்களில் பைக் நிகழ்ச்சிகளின் போஸ்டர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கட்டாயம் போக வேண்டியவை சிலவே. மற்றவை ஷிப்டு ஒத்துவந்தால், கையில் பணம் இருந்தால் போகலாம் என்ற வகை. இந்த இரண்டாம் வகையைத்தான் கண்காணிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் நாள்காட்டியில் போட்டால் உறவினர் திருமணங்கூட அதற்குள் மறைந்துவிடுகிறது. போடாமல் விட்டால் பதிவு முடிந்த பிறகே நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து பெங்களூரும் எட்டும், சென்னையும் எட்டும் என்பதால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நீங்கள் என்ன முறை வைத்திருக்கிறீர்கள்?

ஓசூர் இரண்டாம் ஷிப்டு:
கூகுள் காலண்டரில் ‘போகலாம்’ என்ற பெயரில் தனி நாள்காட்டி ஒன்றைத் தொடங்குங்கள். வேண்டாதபோது அதை மட்டும் மறைத்துவிடலாம். நிகழ்ச்சி நாளைவிட முடிவெடுக்க வேண்டிய நாளே முக்கியம் என்பதால், பதிவு முடியும் நாள், விடுப்புக் கேட்க வேண்டிய நாள் ஆகிய இரண்டில் எது முந்தி வருகிறதோ அதற்கு நினைவூட்டல் வையுங்கள். அன்று போவதென்று முடிவானால் முதன்மை நாள்காட்டிக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் தயங்காமல் அழித்துவிடுங்கள்.

நீங்கள் யெஸ்டி பைக் வைத்திருப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஜாவா, யெஸ்டி பைக் பிரியர்கள் கொண்டாடும் ஜாவா தினம் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அன்று வருகிறது. ‘ஆண்டுதோறும்’ என்று அமைத்தால் நாள்காட்டி தேதியைத்தான் பிடித்துக்கொள்ளும், கிழமையை அல்ல. மாறாக, 12 மாதங்களுக்கு ஒருமுறை, இரண்டாம் ஞாயிறு என்று அமைத்தால் ஆண்டுதோறும் சரியான நாளில் தானே வந்து நிற்கும். மே முதல் சனிக்கிழமை வரும் பன்னாட்டுப் பெண் ரைடர்கள் நாளுக்கும் இதே வழி பொருந்தும்.

பாலக்கோடு ரைடர்:
மேலே சொன்னது நல்ல முறைதான், ஆனால் பெரிய நிகழ்ச்சிகளுக்கு அப்படியே பொருந்தாது. கோட்டு சூட்டு அணிந்து பைக் ஓட்டும், 2012இல் சிட்னியில் தொடங்கிய டிஸ்டிங்விஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு பல ஆண்டுகள் செப்டம்பரில் நடந்து, 2021 முதல் மே மாதத்துக்கு மாறியது. 2013 பிப்ரவரியில் தொடங்கிய இந்தியா பைக் வீக் பின்னர் டிசம்பருக்குப் போனது. ராயல் என்ஃபீல்டின் ரைடர் மேனியா 2023இல் மோட்டோவெர்ஸ் ஆனதால், பழைய பெயரில் தேடுபவருக்குப் பழைய செய்திகளே கிடைக்கும். எனவே இவற்றுக்கு மாதத்தை மட்டும் குறித்து, அமைப்பாளரின் இணைய முகவரியையும் அதே பதிவில் ஒட்டி வைத்து, இரண்டு மாதம் முன்பாகத் தேதியைச் சரிபாருங்கள். குழுவில் வரும் போஸ்டரில் ஆண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். போன வருடத்துப் போஸ்டரை இந்த வருடம் அனுப்புவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்.

காவேரிப்பட்டினம் யெஸ்டி:
இருவருக்கும் நன்றி. இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயச் சுற்றுகளையும் இதே நாள்காட்டியில் வைப்பதா?

ஓசூர் இரண்டாம் ஷிப்டு:
வையுங்கள், ஆனால் வேறு நிறத்தில். பார்வையாளராகப் போகும் உங்களுக்குப் பங்கேற்பாளர் பதிவு எதுவும் இல்லாததால், முந்தைய வாரம் நேர அட்டவணையைப் பார்த்த பிறகு முடிவெடுத்தால் போதும். 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியே, நகருக்குள் நுழைவதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே விடியுமுன் கிளம்பினால் ஞாயிறு ஒரு நாளே போதும். திங்கட்கிழமை முதல் ஷிப்டு இருந்தால் மட்டும் அந்தப் பதிவை அழித்துவிடுங்கள்.