தங்கையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?

குறுவைக்காரன்: அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறார். தங்கை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், பி.காம் படிக்க ஆசை. திருச்சியில் பாதிரியார்கள் நடத்தும் கல்லூரியில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது, ஆனால் பெரியப்பா "நம்ம சாமி என்னாகும்" என்கிறார். அங்கே படித்தால் வேலை கிடைக்குமா?

திருவையாறு: தம்பி, டெல்டாவில் பல கல்லூரிகளைக் கட்டியதே மடமும் சபையும் ஜமாத்துக்காரர்களும்தான். செயின்ட் ஜோசப்ஸ் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு வந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951இல் தொடங்கியது. மயிலாடுதுறைப் பக்கம் தருமபுரம் ஆதீனமும் கல்லூரி நடத்துகிறது. நான் படித்தது கிறிஸ்தவக் கல்லூரி, இன்றும் பிரதோஷத்துக்குத் தவறாமல் போகிறேன்.

கணக்கர்: சாமியை விடுங்கள், பணத்தைப் பாருங்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் கொஞ்சம் தாங்கும். கட்டண நாள் குறுவை அறுப்புக்கு முன்னால் விழும், கையில் காசிருக்காது, அதனால் தவணை உண்டா என்று ஆபீஸில் கேளுங்கள். அப்புறம், வேலைக்கு டேலி (கணக்கு மென்பொருள்), ஜிஎஸ்டி கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், தஞ்சாவூர் ஆடிட்டர் ஆபீஸ்களில் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

குறுவைக்காரன்: சரிண்ணே, பெரியப்பாவிடம் இதைக் காட்டுகிறேன்.